கிட்ட வந்துட்டோம்

சென்னியப்பனப் பத்தி உங்ககிட்ட யாரு சொன்னாங்கன்னு நான் கேக்க மாட்டேனுங்க. எனக்கே தெரியும். நம்ம கிளப்புல பாதிப் பேரு கால்ல சைக்கிள் ஓட்டறாங்க, மீதிப் பேரு வாயில ஓட்டறாங்க. பரவால்லீங்க. முதல்ல உக்காருங்க. டீயா, காப்பியா? தேங்காய் பன் இந்த பேக்கரில நல்லா இருக்கும், ஒண்ணு சாப்பிடுங்க. முதல் நாளே அவிநாசி வரைக்கும் மிதிச்சிட்டீங்களே, அது பெரிசுங்க. மூச்சு வாங்கறதெல்லாம் போகப் போகச் சரியாயிரும்.

நார்வே டூருக்கு வரணும்னு கேட்டீங்க. தாராளமா வாங்க. ஆனா டென்மார்க்குல நடந்தத என் வாயால ஒருக்கா கேட்டுக்குங்க. ஊர்ல ஆளுக்கு ஒரு மாதிரி பேசறாங்க. அங்க இருந்தவன் நானு. பேசறவன் எவனும் அங்க இல்ல.

சென்னியும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க. ஒரே பெஞ்சு. நான் எக்ஸ்போர்ட்டுல எறங்கினேன். அவன் வீட்டுக்குப் பின்னால செட்டுப் போட்டு, தையல் மிஷின் வாங்கிப் போட்டு, எங்களுக்கு பனியன் தைச்சுக் குடுக்க ஆரம்பிச்சான். நீங்க ஈபில இருந்தவரு, திருப்பூர்ல அந்த மாதிரி யூனிட்டு எத்தனை பாத்திருப்பீங்க. அவன் யூனிட்டு ஓடுனதே என் கம்பெனி ஆர்டர்லதானுங்க. இத நான் அவன்கிட்ட ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல. எப்பவாச்சும் சொல்லியிருப்பேன், வேடிக்கைக்கு.

எனக்கு இந்த சைக்கிள் பழக்கம் வந்தப்ப அவனுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். வேண்டாம்னான். "நான் பாட்டுக்கு நடந்துக்கறேன் மணி, எனக்கு நடக்கறதுதான் ஒத்துக்குது"ன்னான். தெய்வசிகாமணிங்கற பேர மணின்னு கூப்பிடற ஆளு அவன் ஒருத்தன்தான் மிச்சம். இருந்தான், இப்ப இல்ல. அவனுக்கு எது ஒத்துக்கும்னு அவனுக்கே தெரியாதுங்க. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். ஓட்டல்ல போய் உக்காந்தா என்ன வேணும்னு சொல்லத் தெரியாது. ரெண்டு பேருக்கும் சேத்து நாந்தான் சொல்லுவேன். வந்ததச் சாப்பிடுவான். பிடிக்கலைன்னு ஒரு நாள் சொன்னதில்லையே.

டென்மார்க்குல எங்ககிட்டச் சரக்கு வாங்கற பையர் ஒருத்தர்தான் இந்த டூரப் பத்திச் சொன்னாரு. கடலோரமாவே பல நாள் சைக்கிள் மிதிச்சிட்டுப் போறது. முன்னால வழிகாட்ட ஒரு ஆளு. பின்னால பெட்டியெல்லாம் ஏத்திட்டு ஒரு வேன். முடியாதவங்க வேன்ல ஏறிக்கலாம். ராத்திரிக்கு ஓட்டல். ரெண்டு இடம் போட்டுட்டு சென்னிகிட்ட அப்புறமாத்தான் சொன்னேன். முன்னாலயே கேட்டா ரோசனை பண்ணிட்டே இருப்பான்.

கெளம்பறதுக்கு முந்தின வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் சம்சாரம் யசோதா டம்ளர்ல மோர் கொண்டாந்து வெச்சுட்டு அங்கயே நின்னுது.

"ஏனுங்ணா, இவருக்குப் படியேறுனா மூச்சு வாங்குதுங்ணா. டாக்டரு டிரெட்மில்லுல ஓட விட்டுப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. பாத்துட்டு அடுத்த வருசம் போகட்டுமே?"

சென்னி தலையத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தான். நான் சிரிச்சேன். "சைக்கிள் ஓட்டறதவிட என்னம்மா பெரிய டெஸ்ட்டு இருக்குது? அங்க மலையே இல்ல, உள்ளங்கை மாதிரி சமதரை. நானிருக்கேன். போதுமா?"

"நீங்க இருக்கறீங்கண்ணா"ன்னுது. அவ்வளவுதான் சொல்லுச்சு. டம்ளர எடுத்துட்டு உள்ள போயிருச்சு. அது சம்மதம்னுதானுங்க அர்த்தம்?

சமதரைன்னு சொன்னேன், அது நெசந்தான். ஆனா அந்த ஊர்ல காத்துன்னு ஒண்ணு இருக்குதுங்க. மேக்க இருந்து கடலத் தாண்டி வரும். மலைன்னா ஏறி முடிச்சா எறக்கம் வரும். அந்தக் காத்துக்கு எறக்கமே கெடையாது. கரை நெடுக ஒசரமா மண்ணு கொட்டி அணை மாதிரி கட்டியிருக்காங்க, கடல் உள்ள வராம இருக்க. அதுல ஆடு மேயுது. ஒரு ஆடும் நம்மளத் தலை தூக்கிப் பாக்காது. எல்லாம் காத்துக்கு முதுகக் காட்டி ஒரே பக்கமா நிக்கும்.

வழிகாட்ட வந்தது ஒரு அம்மா. பேரு பிர்கிட்டே. வெள்ளை முடிய ஒட்ட வெட்டியிருக்கும், அறுவது வயசுக்கு மேல இருக்கும். கெட்டிக்காரிதான், இல்லேங்கல. ஆனா எல்லாத்துக்கும் பயம். எங்களோட ஒரு இங்கிலீஷ்கார ஜோடி, ஜெர்மன்கார அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. எல்லாரும் நம்ம வயசுதான். எல்லாரும் காத்தக் கிழிச்சுட்டுப் போறாங்க. சென்னி மட்டும் பின்னால, புள்ளி மாதிரி.

முதல் நாள் மத்தியானம் ஒரு சர்ச்சுப் பக்கம் நிறுத்தி ரொட்டி சாப்பிட்டோம். சென்னி ரொம்ப நேரம் கழிச்சு வந்து சேந்தான். அந்தக் குளிர்ல சட்டையெல்லாம் வேர்வை. எடது கைய ஒதறிட்டே இருந்தான். பிர்கிட்டே அவன் முன்னால குத்தவெச்சு உக்காந்து மொகத்தப் பாத்துச்சு. எதாச்சும் வலிக்குதான்னு இங்கிலீஷ்ல கேட்டுச்சு. சென்னி என்னப் பாத்தான்.

"என்ன கேக்கறாங்க மணி?"

"வலிக்குதான்னு கேக்கறாங்க."

"தாடை வலிக்குதுன்னு சொல்லு. கையும் ஒரு மாதிரி இருக்குது. மத்தியானத்துக்கு மேல நான் வேன்ல வர்றேன்னு சொல்லு."

குளிருக்குப் பல்லக் கடிச்சுட்டே ஓட்டினா தாடை வலிக்காம என்ன செய்யும்? எனக்கும்தான் வலிச்சுது. நான் பிர்கிட்டேகிட்ட, நல்லா இருக்கான், பழக்கமில்லாத காத்து, கொஞ்சம் களைப்பு, ஓட்டறேங்கறான்னு சொன்னேன். அவன் சொன்னத அப்படியே சொன்னா அந்தம்மா டூரையே நிறுத்தியிருக்கும். அவன் மனசுல இருக்கறதச் சொன்னேன். நாப்பது வருசத்துக்கு மேல பழகினவன் மனசு எனக்குத் தெரியாதுங்களா?

அந்தம்மா கொஞ்ச நேரம் அவனப் பாத்துச்சு. அப்புறம் என்னப் பாத்துச்சு. சரின்னு எந்திரிச்சிருச்சு.

சென்னி, "வேனு வருதா?"ன்னான்.

"பொழுதோட பாக்கலாம்கறாங்க"ன்னேன்.

மறுபடியும் சைக்கிள் ஏறினான். பாத்தீங்களா, ஏறினானே. முடியாதவன் எப்படி ஏறுவான்?

அன்னைக்குத் தங்கின ஊரு ரொம்பப் பழைய ஊரு. ஆத்தோரத்துல ஒரு மரத்தூணு நட்டு வெச்சிருந்தாங்க. வெள்ளம் வந்த வருசத்துல தண்ணி எது வரைக்கும் ஏறுச்சுன்னு அதுல வளையம் போட்டிருக்காங்க. மேல இருந்த வளையம் என் தலைக்கு ரொம்ப மேல இருந்துச்சு. பிர்கிட்டே அது கிட்ட நின்னு, கடல் இந்த ஊருக்குள்ள எப்படி வந்துச்சுன்னு சொல்லுச்சு. நான் சென்னிக்கு மொத்தமாச் சொன்னேன். அவன் தூணத் தடவிட்டு நின்னான்.

"கடல் எங்க மணி இருக்குது? காலைல இருந்து கரையிலயே போறோம். நான் இன்னும் தண்ணியே பாக்கல."

நெசந்தான். அந்தப் பக்கம் கடல் தெனமும் வத்திப் போயிருதுங்க. பார்வைக்கு எட்டற வரைக்கும் சேறுதான், பளபளன்னு. தண்ணி கண்ணுக்குத் தெரியாத தூரத்துல போய் நிக்குது. அப்புறம் திரும்பி வருது. தெனமும் அதே வேலை.

"போனது வந்துரும்"னு சொன்னேன், வேடிக்கையா. அவன் சிரிக்கல.

ரெண்டாம் நாள் அவன் எறங்கி உருட்டிட்டு வந்த தூரம்தான் சாஸ்தி. வேன் டிரைவர் ஒருத்தர் இருந்தாரு, ஓலேன்னு பேரு. கதவத் தொறந்து வெச்சுட்டு அவன் பக்கத்துலயே ஊந்துட்டு வந்தாரு. எனக்கு அவமானமாப் போச்சுங்க. அந்த அக்கா தங்கச்சியில அக்காக்காரிக்கு முட்டில ஆபரேசன் ஆகியிருக்குது, அது ஓட்டுது. நம்ம நாட்டுல இருந்து போனவன் உருட்டிட்டு வர்றான். நான் திரும்பிப் போய் ஓலேயப் போகச் சொல்லி அனுப்பிட்டு, சென்னிக்குக் கூடவே இருந்து உற்சாகம் குடுத்தேன். "இன்னும் கொஞ்சம்தான் மாப்ள, தா அந்தக் காத்தாலை வரைக்கும், தா அந்த வீடு வரைக்கும்"னு சொல்லிச் சொல்லியே கொண்டாந்து சேத்தேன். அவன் திட்டக்கூட இல்ல. மூச்சு இருந்தாத்தானுங்க திட்டறதுக்கு.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல பிர்கிட்டே எங்க மேசைக்கு வந்துச்சு. மறுநாள் ஒரு தீவுக்குப் போறோம், அந்த வழி மத்த வழி மாதிரி இல்லேன்னுச்சு. அந்தத் தீவு பேரு இன்னும் என் வாயில நுழையல. அதுக்குப் பாலம் கெடையாது. கடல் வத்தியிருக்கறப்ப சேத்துக்கு நடுவுல ஒரு ஜல்லி ரோடு வெளிய தெரியும். அதுல போயரணும். தண்ணி திரும்பினா ரோடு முங்கிப் போயிரும். தண்ணி முன்னால இருந்து அலையா வரும்னு பாத்துட்டு நிக்காதீங்க, பக்கத்துல இருக்கற வாய்க்கால்ல பூந்து முதல்ல உங்களுக்குப் பின்னாலதான் வரும்னுச்சு. சத்தமே இருக்காதாம். அந்த ரோட்டுல யாரும் நிக்கக் கூடாது, போட்டோ எடுக்கறதுக்குக்கூட நிக்கக் கூடாதுன்னுச்சு.

அப்புறம் சென்னியக் கை காட்டி, இவரு நாளைக்கு சைக்கிள் ஓட்ட வேண்டாம், பெட்டியெல்லாம் கொண்டு போற டிராக்டர்ல வரட்டும், தீவுல இருந்து வந்ததும் டாக்டர்கிட்ட காட்டலாம்னுச்சு. அது கேள்வி இல்லீங்க, உத்தரவு. நான் சென்னிகிட்ட சொன்னேன். அவன் மொகத்துல ரெண்டு நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் ஒரு தெளிச்சி. "டேங்க் யூ"ன்னான், நேரா அந்தம்மாவப் பாத்து. எனக்குச் சுருக்குன்னுது. அவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தவன் நானு. எனக்கு ஒரு டேங்க் யூ கெடையாது.

காலைல அணை மேல போய் நின்னோம். கீழ சேறு. நடுவுல ரோடு ஒரு கோடு மாதிரி போகுது. ரெண்டு பக்கமும் அங்கங்க கம்பு நட்டிருக்காங்க, வழி தப்பாம இருக்க. தூரத்துல தீவு, ஒரு கத்தியப் படுக்க வெச்ச மாதிரி. வானம் ஈயப் பாத்திரம் கணக்கா இருந்துச்சு. ஒரு சத்தம் இல்ல. அந்த ஊருக்குப் போனதுல இருந்து அன்னைக்குத்தான் காத்து நின்னிருந்துச்சு.

டிராக்டருக்குப் பின்னால பெஞ்சு போட்ட வண்டி ஒண்ணு மாட்டியிருந்தாங்க. சென்னி அதுல ஏறி உக்காந்து, கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டான். பிர்கிட்டே மத்தவங்களக் கூட்டிட்டு முன்னால கெளம்புச்சு. நான் இவனப் பத்திரமா ஏத்திவிட்டு வந்து சேந்துக்கறேன்னு சொல்லிட்டு நின்னேன்.

நீங்களே சொல்லுங்க. இத்தனை தூரம் வந்து, கடலுக்கு நடுவுல சைக்கிள் ஓட்டறது மாதிரி ஒண்ணு இந்த ஜென்மத்துல திரும்பக் கெடைக்குமா? அத விட்டுட்டு பெட்டி படுக்கையோட பெட்டியா உக்காந்து போனா, நாளைக்கு ஊர்ல போய் என்ன சொல்லுவான்? அவனுக்காகத்தானுங்க. எனக்கென்ன வந்துச்சு?

"எறங்கு மாப்ள"ன்னேன். "இது ஒண்ணு மட்டும் ஓட்டு. அதுக்கப்புறம் நான் உன்னச் சைக்கிளத் தொடுன்னு சொல்ல மாட்டேன்."

"வேண்டாம் மணி. அந்தம்மா சொல்லியிருக்காங்க."

"அந்தம்மாகிட்ட நான் பேசிட்டேன். ஓட்டலாம்னுட்டாங்க."

அவன் என்னையே பாத்தான். "நெசமாச் சொன்னாங்களா?"

"ஆமாங்கறேன்."

அப்புறம் கம்பளிய மடிச்சு, நாலு மூலையும் சரி பண்ணி, பெஞ்சு மேல வெச்சுட்டு எறங்கினான். வண்டில ஏத்தியிருந்த அவன் சைக்கிளையும் நான் எறக்கிட்டேன். டிராக்டர்க்காரர் கிழவரு, அவருக்கு இங்கிலீஷ் அரைகொறை. நாங்க சைக்கிள்ல வர்றோம், பிர்கிட்டேக்குத் தெரியும்னு சொன்னேன். கடிகாரத்தக் காட்டி என்னமோ சொன்னாரு. சரி சரின்னேன். அவரு போயிட்டாரு.

உடனே கெளம்பியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. சென்னிக்கு ஒண்ணுக்கு வருதுன்னான். திரும்பி வந்து அணை மேல உக்காந்துட்டான், ஒரு நிமிசம்னு. அப்புறம் எனக்கு ஒரு போட்டோ எடுக்கணும்னு தோணுச்சு. அப்படியே கொஞ்சம் நேரம் போயிருச்சு.

ரோட்டுல எறங்கினோம். ஜல்லி நரநரன்னுச்சு. முதல்ல நல்லாத்தான் ஓட்டினான். நான் முன்னால, அவன் பின்னால. ஒரு வாடை அடிச்சுது, மீன் வாடையும் இல்ல, சாக்கடை வாடையும் இல்ல. சேத்துல குருவிங்க கூட்டங்கூட்டமா மேஞ்சுட்டு இருந்துச்சு. எங்கயோ பாதி தூரம் வந்திருப்போம், அத்தனை குருவியும் ஒண்ணா எந்திரிச்சு எங்க தலைக்கு மேல பறந்து கரைப் பக்கம் போயிருச்சு. நான் அழகா இருக்குதேன்னு பாத்துட்டு இருந்தேன்.

அப்பத்தான் போன் அடிச்சுது. பிர்கிட்டே. டிராக்டரு தீவுக்குப் போய்ச் சேந்திருக்குது, பெட்டி மட்டும் இருக்குது, ஆளக் காணோம். எங்க இருக்கீங்கன்னு கேட்டுச்சு. அந்தக் கொரல் எனக்குப் பிடிக்கலீங்க. பள்ளிக்கூடத்துப் பையனக் கேக்கற மாதிரி.

"கிட்ட வந்துட்டோம்"னேன்.

சென்னி என் பக்கத்துல வந்து நின்னுட்டான். சைக்கிள் ஹேண்டில் மேல நெஞ்ச அமுத்திட்டு நிக்கறான். "யாரு, அந்தம்மாவா? போனக் குடு மணி."

பிர்கிட்டேயும் அதையேதான் கேட்டுச்சு. அவர்கிட்ட குடுங்கன்னு.

நான் போனக் கையால மூடிட்டு, "நீ என்ன பேசப் போறே? உனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்?"னேன்.

"குடு. நான் பேசிக்கறேன்."

கைய நீட்டினான். அந்த நெலமையில அவன் எதையாச்சும் ஒளறி, அந்தம்மா பதறி, அங்க எல்லாரும் கூடி, எதுக்குங்க அதெல்லாம்? அவரு ஓட்டிட்டு இருக்காரு, வந்ததும் பேசுவாருன்னு சொல்லிக் கட் பண்ணிட்டேன். அந்த நேரத்துக்கு அதுதான் சரின்னு பட்டுச்சு. இப்பவும் அப்படித்தான் படுது.

சென்னி நீட்டின கைய ரொம்ப நேரம் மடக்கவே இல்ல. அப்புறம் சைக்கிளக் கீழ போட்டுட்டு ரோட்டுலயே உக்காந்துட்டான்.

"எந்திரி மாப்ள. இங்க உக்காரக் கூடாது."

"முடியாது மணி."

"எந்திரிங்கறேன்."

"மணி, பின்னால பாரு"ன்னான்.

நாங்க வந்த ரோடு இல்லீங்க. அங்க இருந்த எடத்துல தண்ணி தகடு மாதிரி நின்னுட்டு இருந்துச்சு. அலை கெடையாது, நுரை கெடையாது. யாரோ படுக்கை விரிச்ச மாதிரி சத்தமில்லாம விரிஞ்சிட்டே வருது. முன்னாலயும் ரோட்டோட ரெண்டு ஓரத்துல ஈரம் கசிய ஆரம்பிச்சிருச்சு. அவன் உக்காந்த எடத்துல வேட்டி நனைக்கற அளவுக்கு வந்தப்புறம்தான் எனக்கே ஒறைச்சுது. வேட்டின்னு சொல்றேன், பேண்ட்டுதான் போட்டிருந்தான்.

அவனக் கக்கத்துல கை குடுத்துத் தூக்கிப் பாத்தேன். கல்லு மாதிரி கனக்கறான். மொகம் சாம்பலாட்டம் ஆயிருச்சு. ஒதடு ஊதா. நான் என்ன செய்யட்டும்? ரெண்டு பேரும் அங்கயே நின்னா ரெண்டு பேரும் போயிருவோம். ஒருத்தன் போய்ச் சொன்னாத்தானே ஆளு வரும்? ரோட்டோரத்துல நட்டிருந்த கம்புல தடிமனா ஒண்ணு இருந்துச்சு. அவன அதுகிட்ட இழுத்துட்டுப் போய் நிக்க வெச்சு, ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கச் சொன்னேன். பிடிச்சுக்கிட்டான். சொன்னதச் செய்வான்னு சொன்னேனில்லீங்க.

"போன வெச்சுட்டுப் போ"ன்னான்.

போன வெச்சுட்டு நான் எப்படிங்க போறது? வழில எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நான் யாருக்குச் சொல்றது? "தா வந்தர்றேன்"னு சொல்லிட்டு ஏறினேன்.

திரும்பிப் பாக்கல. பாத்தா சைக்கிள் ஆடும். தண்ணி முதல்ல ரிம்மத் தொட்டுச்சு, அப்புறம் பெடல. கடைசில எறங்கி முட்டி வரைக்கும் தண்ணில தள்ளிட்டே போனேன். இந்த வயசுல அப்படி எவன் போவான் சொல்லுங்க. அதப் பத்தி இங்க ஒருத்தன் பேச மாட்டேங்கறான்.

தீவுக் கரையில பிர்கிட்டே நின்னுட்டு இருந்துச்சு. பக்கத்துல டிராக்டரு இஞ்சின் ஓடிட்டு இருக்குது. அதுவும் டிராக்டர்க்காரரும் ஏற்கெனவே கெளம்பத் தயாரா நிக்கறாங்க. என்னப் பாத்ததும் ஓடி வந்து, அவரு எங்கன்னுச்சு.

"பின்னால வர்றான்"னேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? பொய்யா சொன்னேன்? பின்னாலதானே இருந்தான். எல்லாரும் சுத்தி நிக்கறாங்க, எனக்குப் பல்லு தந்தியடிக்குது. எடுத்த உடனே எப்படிங்க சொல்றது? ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அந்தம்மா நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு முதுகக் காட்டிட்டு டிராக்டர்ல ஏறிருச்சு. மரியாதை தெரியாத பொம்பள.

டிராக்டர் தண்ணிக்குள்ள போச்சு. சக்கரம் பாதி முங்கிருச்சு. அந்த இங்கிலீஷ்காரம்மா என் மேல ஒரு போர்வையப் போத்துச்சு. அவங்க எல்லாம் தண்ணிப் பக்கமே பாத்துட்டு நின்னாங்க. நானும் பாத்தேன். கம்பு ஒவ்வொண்ணாக் குட்டையாயிட்டே வந்துச்சு. எந்தக் கம்புல அவன விட்டேன்னு எனக்குத் தெரியல. எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சுங்க.

அவனக் கொண்டாந்தாங்க. நெஞ்சு வரைக்கும் தண்ணி வந்திருச்சாம். கம்புல இருந்து கைய எடுக்கவே முடியலையாம், வெரல் வெரலாப் பிரிச்சிருக்காங்க. பிர்கிட்டே அவன மடில போட்டு, தன்னோட கோட்டுக்குள்ளயே அவனச் சேத்து அணைச்சுப் பிடிச்சிருந்துச்சு. ஹெலிகாப்டர் வந்துச்சு. தூக்கிட்டுப் போயிட்டாங்க. நெஞ்சடைப்பு. அது முதல் நாள்ல இருந்தே கொஞ்சங்கொஞ்சமா வந்துட்டு இருந்திருக்குது, அதான் தாடை வலி, கை வலின்னு டாக்டரு அப்புறம் சொன்னாரு. யாருக்குங்க தெரியும்? நான் என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கேனா?

பொழைச்சுக்கிட்டான். அதுக்கு நான் ஆளனுப்பினதுதான் காரணம்னு நான் சொல்லிக்கிட்டுத் திரியல.

ஆனா ஒண்ணு இருக்குதுங்க. அதத்தான் என்னால தாங்க முடியல.

ரெண்டு நாள் கழிச்சு ஆசுபத்திரில பாக்க விட்டாங்க. நான் போனப்ப பிர்கிட்டே கட்டில்கிட்ட உக்காந்திருந்துச்சு. டாக்டரா வந்தது எளவயசு பொண்ணு ஒருத்தி. வலி எப்ப ஆரம்பிச்சுது, அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு சென்னியக் கேட்டா. நான் எப்பவும் போல முன்னால போய், அது ஒண்ணுமில்லீங்க டாக்டர், தீவுக்குப் போறப்பத்தான் திடீர்னுன்னு ஆரம்பிச்சேன்.

சென்னி கைய ஒசத்தினான். ஊசி குத்தியிருந்த கை.

"நோ"ன்னான். "ஐ டெல்."

எனக்கு ஒண்ணும் புரியல. "என்ன மாப்ள?"ன்னேன்.

என்னப் பாக்கவே இல்ல. டாக்டரப் பாத்து, ஒவ்வொரு வார்த்தையா, கல்லு தூக்கி வெக்கற மாதிரி சொல்றான். "ஃபர்ஸ்ட் டே பெயின். ஐ சே வேன். ஹி நாட் டெல். செகண்ட் டே பெயின். ஐ சே வேன். ஹி நாட் டெல். வாட்டர் கமிங். ஐ ஆஸ்க் போன். ஹி நாட் கிவ்."

இத்தனை வருசமா தனக்கு ஒண்ணும் பேசத் தெரியாதுன்னு எனக்குப் பின்னால நின்னவனுங்க. அத்தனையும் கெடந்திருக்குது அவன்கிட்ட. நல்ல இங்கிலீஷா, இல்ல. ஆனா அந்த டாக்டருப் பொண்ணுக்குப் புரிஞ்சுது. பிர்கிட்டேக்குப் புரிஞ்சுது. அது எந்திரிச்சு கதவத் தொறந்து பிடிச்சுட்டு நின்னுச்சு. நான் யாராவது வர்றாங்களோன்னு பாத்தேன். யாரும் வரல. அப்புறந்தான் அது எனக்காகத் தொறந்திருக்குதுன்னு தெரிஞ்சுது. அந்த ஊர்ல பெரியவங்களுக்கு மரியாதை அப்படித்தான் பண்ணுவாங்க போல.

யசோதா மகனக் கூட்டிட்டு வந்து சேந்துச்சு. ஆசுபத்திரி வராந்தாவுல என்னப் பாத்துச்சு. அழுகும், திட்டும்னு நெனச்சேன். ஒண்ணுமில்ல.

"அவரு கேட்ட போன ஏனுங்க குடுக்கல?"

அவ்வளவுதான். அண்ணாங்கற வார்த்தை இல்ல. நான் வெவரமாச் சொல்ல ஆரம்பிச்சேன், அது கேக்காம உள்ள போயிருச்சு. ஊருக்கு வந்தப்புறம் நான் வீட்டுக்குப் போனா கதவு சாத்தியிருக்குது. உள்ள பேச்சுச் சத்தம் கேக்குது. சென்னி இப்ப வேற கம்பெனிக்குத் தைச்சுக் குடுக்கறான். காலைல ரோட்டுல நடக்கறான், நல்லா இருக்கான். நேத்துக்கூட எதுக்கால வந்தான். நான் சைக்கிள நிறுத்தி மாப்ளேன்னேன். ஒதுங்கி நின்னு, நான் போறதுக்கு வழி விட்டான். வேத்தாளுக்கு விடற மாதிரி.

நான் செஞ்ச தப்பு என்னன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்ல மாட்டேங்கறாங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. சரி விடுங்க. டீ ஆறுது.

நம்ம நார்வே விசயத்துக்கு வருவோம். இந்தத் தடவை மலை இருக்கும், ஆனா ரோடு நல்லா இருக்கும்கறாங்க. பிரசருக்கு மாத்திரை சாப்பிடறேன்னீங்க, இந்த வயசுல யாருங்க சாப்பிடல? நீங்க வேண்டாம்னு சொல்ல மாட்டீங்கன்னு உங்களப் பாத்ததுமே தெரிஞ்சுது. அதனால உங்களையும் சேத்து இடம் சொல்லிட்டேன். என்ன, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? இங்கிலீஷ் வராதுன்னா? அதுக்கெல்லாம் வெசனப்படாதீங்க. உங்களுக்கும் சேத்து நான் பேசிக்கறேன்.